அக்கரையில் ஓர் ஆசான்

கல்லூரியொன்றின் விழா மலரிலே யாரை நினைவுகூர்தல் வேண்டும் என்பதற்கு நம்மவரிடையே எழுதாத விதியொன்று உண்டு. அடிக்கல் நாட்டியோர், நிலம் ஈந்தோர், அதிபராயிருந்து நெறிப்படுத்தியோர், இங்குக் கற்று நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் அரசியல் மன்றத்திலும் புகழெய்தியோர் என்னும் நிரலிலே அவ்விதி அமைந்துள்ளது. அது நல்ல விதியே. நன்றி மறவாமை நம் முன்னோர் நமக்கு வைத்துச் சென்ற முதற்பாடமாகும். ஆயினும், இம்மலரின் சில பக்கங்களை, நம் கல்லூரிக்கு ஒருநாளும் வந்திராத, நம்மிற் பெரும்பாலோர் பெயர்தானும் கேட்டிராத ஒருவரை நினைத்தற்கென யான் கேட்டுப் பெற்றுள்ளேன். அவர் தவளைகளையும் பாம்புகளையும் பறவைகளையும் யானைகளையும் உற்று நோக்குவதிலே தம் வாழ்நாளைச் செலவிட்டவர். தமிழாசிரியன் ஒருவன் தவளையை நோக்கியவரைப் பற்றி எழுதப் புகுந்தமை சிலர்க்கு வியப்பாகலாம். அவ்வியப்பைப் போக்குதற்கு, என் பிழையொன்றை முதலிற் சொல்லிவிடுதல் தக்கது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், மார்கழி மாதத்து விடுமுறைக்குச் சற்று முந்திய ஒரு நாளில், மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு தொண்டைமானாற்றுக்குச் சென்றிருந்தேன். செல்வச் சந்நிதியில் வணங்கிய பின்னர் நீரேரிக் கரையோரமாக நடந்தோம். மாரி மழை பெய்து ஏரி நிறைந்திருந்தது. ஆழங்குறைந்த ஓரிடத்திலே பெரிய பறவைகள் பத்துப் பன்னிரண்டு நின்று இரை தேடின. அந்த வாரம் வகுப்பிலே சத்திமுற்றப் புலவரின் நாரைவிடு தூதுப் பாட்டினை நடத்தியிருந்தேன். வறுமையுற்று அயலூரிற் குளிரில் நடுங்கிய புலவர், வடக்கு நோக்கிப் பறக்கும் நாரையிடம் தம் மனைவிக்குச் செய்தி சொல்லியனுப்பும் பாட்டு அது. நாரையின் அலகுக்குப் புலவர் எடுத்த உவமை பனங்கிழங்கு. பனையின் மடியிலே பிறந்து வளர்ந்த நமக்கு அதனிலும் இனிய உவமை வேறுண்டோ? ஆகவே, ஏரியில் நின்ற பறவைகளைச் சுட்டிக்காட்டி, “புலவர் பாடிய செங்கால் நாரை இதுதான்” என்று பெருமிதத்துடன் கூறினேன்.

மாணவரெல்லாம் தலையசைத்தனர். ஒருவன் மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தான். பின்னர்ப் பணிவாகவே கேட்டான்: “சேர், பாட்டிலை சொண்டு பவளம் மாதிரிச் சிவப்பெண்டு சொன்னியள். உதின்ரை சொண்டு மஞ்சளாயெல்லோ கிடக்கு?”

யான் நோக்கினேன். அலகு மஞ்சளாகவே இருந்தது. உரையாசிரியர்கள் கூறியவையனைத்தும் எனக்கு மனப்பாடம். இலக்கணக் குறிப்புக்கள் மனப்பாடம். உவமையின் நயம் மனப்பாடம். என் கண்முன் நின்ற பறவையின் பெயர் மட்டும் எனக்குத் தெரியவில்லை. “ஒளியினாலே அப்படித் தோன்றுகின்றது” என்று ஏதோ கூறி அவ்விடம் விட்டு அகன்றேன். ஆசிரியத் தொழிலில் யான் சொன்ன பொய்கள் சிலவே. அவற்றுள் என்னை மிகவும் வருத்தியது அதுவேயாம்.

மறுவாரம் எம் கல்லூரி விலங்கியல் ஆசிரியர் ஒருவரிடம் இதனைச் சொன்னேன். அவர் நகைத்தாரல்லர். தொண்டைமானாற்றிலே யாம் கண்டது மஞ்சள்மூக்கு நாரை என்றும், செங்கால்களும் சிவந்த அலகும் உடையது வெண்ணாரை என்றும், அது ஐரோப்பாவிலும் நடு ஆசியாவிலும் குஞ்சு பொரித்துக் குளிர்காலத்திலே இந்தியா நோக்கி வருவது என்றும் விளக்கினார். புலவரின் நாரை வலசை போகும் நாரை. ஆதலின் அது தூது செல்லத் தகுந்தது. அன்றுதான் அப்பாட்டு எனக்கு முழுமையாகப் பொருள்பட்டது. அந்நண்பர் தம் அலுமாரியைத் திறந்து ஊர்வனவற்றைப் பற்றிய தடித்த ஆங்கில நூலொன்றையும் என் கையில் வைத்தார். “பறவையிற் பிழைத்தீர், பாம்பிலேனும் பிழையாதிருங்கள்” என்றார். அந்நூலை எழுதியவர் பெயர் ஜே. சி. டானியல். இங்ஙனம் யான் அப்பெரியாரை அறிந்தேன்.

ஜீவநாயகம் சிறில் டானியல் 1927ஆம் ஆண்டு யூலை 9ஆம் நாள் நாகர்கோவிலிற் பிறந்தார். அவ்வூர் அந்நாளிலே திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. மலையாளத் திரைப்படத்தின் தந்தை எனப் போற்றப்படும் ஜே. சி. டானியல் வேறொருவர், பெயரொற்றுமையால் மயங்குதல் வேண்டா. நம் டானியல் 1950ஆம் ஆண்டிலே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற் பணியேற்றார். 1883ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அக்கழகம் இந்தியாவிலே உயிரினங்களை ஆராயும் நிறுவனங்களுள் மூத்தவற்றுள் ஒன்று. அங்கே அவர் சாதாரண உதவியாளராகத் தொடங்கிக் காப்பாளராகிப் பணிப்பாளராக உயர்ந்து 1991ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். ஓய்வின் பின்னரும் கழகத்தின் மதிப்புறு செயலாளராக இருந்து தொண்டாற்றினார். 2011ஆம் ஆண்டு ஓகத்து 23ஆம் நாள் மறைந்தார். அறுபது ஆண்டுகள் ஒரே நிறுவனத்தின் நிழலிலே ஒருவர் வாழ்ந்தார் என்பது, மூன்றாண்டுக்கொருமுறை இடமாற்றம் வேண்டி நிற்கும் நம்மனோர் எண்ணிப் பார்த்தற்குரியது.

அவர்க்கு வாய்த்த குரு சாலிம் அலி. பறவையியலறிஞர் சாலிம் அலியின் கதை பலர் அறிந்ததே. பத்து வயதுச் சிறுவனாய்த் தாம் விளையாட்டுத் துப்பாக்கியாற் சுட்டு வீழ்த்திய சிட்டொன்றின் கழுத்திலே மஞ்சள் நிறம் இருக்கக் கண்டு, அஃது எவ்வகைச் சிட்டு என அறிய அவாவி, அதனைக் கையிலேந்திக்கொண்டு இதே கழகத்தின் வாயிலை மிதித்தார் அவர். அங்கிருந்த செயலாளர் மில்லார்டு என்னும் ஆங்கிலேயர், சிறுவன் என இகழாது, பெட்டிகளைத் திறந்து பாடஞ்செய்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒரு முதியவர் ஒரு பிற்பகற்பொழுதைச் சிறுவன் ஒருவனுக்காகச் செலவிட்டார். அதன் பயனாக ஒரு நாட்டுக்கே பறவையறிவு வாய்த்தது. எனக்கும் தொண்டைமானாற்றங்கரையிலே அத்தகைய சிறுவன் ஒருவன் கிடைத்தான். யான் அவனுக்கு எதனைத் திறந்து காட்டினேன்? இவ்வினா இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

டானியலின் பணி பலதிறப்பட்டது. மேற்கு இந்தியாவின் தவளைகளையும் தேரைகளையும் இனங்காண்பதற்குரிய கட்டுரைத் தொடரை 1963ஆம் ஆண்டு முதல் கழகத்தின் ஏட்டிலே எழுதினார். கழகத்தின் நூற்றாண்டாகிய 1983ஆம் ஆண்டிலே இந்திய ஊர்வனவற்றைப் பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது. 1980களிலே முதுமலைக் காட்டுப் பகுதியில் யானைகளின் வாழ்க்கையை ஆராயும் திட்டத்தை வழிநடத்தினார். 1996ஆம் ஆண்டிலே சிறுத்தையைப் பற்றி நூல் செய்தார். கழகத்தின் ஏட்டினைப் பல்லாண்டு பதிப்பித்தார். பதிப்பாசிரியர் தொழில் யாதென்பதை இம்மலரின் குழுவினர் நன்கு அறிவர்: பிறர் எழுதியதைத் திருத்திப் பிறர் பெயராலே வெளியிட்டுத் தாம் மறைந்து நிற்றல். ஒரு நிறுவனத்தின் பணிப்பாளர்க்குரிய அறமும் இதுவே. அவர் நோக்கியது பாதி. பிறரை நோக்கச் செய்தது மீதிப் பாதி. இன்று அக்கழகம் மும்பையிலே தேசிய வனமொன்றை அடுத்து இயற்கைக் கல்வி நிலையமொன்றை நடத்தி வருகின்றது. நகரத்துப் பிள்ளைகள் அங்குச் சென்று மரத்தையும் வண்ணத்துப்பூச்சியையும் பெயர் சொல்லி அழைக்கக் கற்கின்றனர்.

இவற்றுள் நமக்கு மிக அணித்தான செய்தியொன்று உண்டு. கோடிக்கரையை நம்மூரவர் அறிவர். வல்வெட்டித்துறையினின்று பாய்மரமேறி அங்குச் சென்று மீண்ட பாட்டன்மாரைப் பெற்றோர் இம்மலரைப் படிப்போரிடையே பலராயிருத்தல் கூடும். நம் வடகரைக்கும் அதற்கும் இடையிலுள்ள கடல் ஐம்பது கிலோமீற்றரிலும் சற்றே மிகுந்தது. அக்கோடிக்கரையிலே வெளிமான்களும் பூநாரைகளும் வாழும் நிலம் 1967ஆம் ஆண்டிலே சரணாலயமாயிற்று. அதே ஆண்டில் அச்சரணாலயத்தைப் பற்றி டானியல் கழகத்தின் ஏட்டிலே கட்டுரை எழுதினார். கழகம் 1959ஆம் ஆண்டிலே உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் பறவைகளின் வலசையை ஆராயத் தொடங்கியிருந்தது. பறவைகள் நோய்களைத் தேசம் விட்டுத் தேசம் கொண்டுசெல்கின்றனவோ என்று அறிதலே அதன் முதல் நோக்கம். பின்னர்க் கோடிக்கரையும் அவ்வாராய்ச்சியின் முதன்மையான களங்களுள் ஒன்றாயிற்று.

அம்முறை மிக எளியது. மெல்லிய வலையைக் கட்டிப் பறவையை ஊறுபடாமற் பிடிப்பர். அதன் எடையும் சிறகின் நீளமும் குறித்துக்கொள்வர். காலிலே எண் பொறித்த இலேசான உலோக வளையமொன்றை அணிவிப்பர். அவ்வளையத்திலே கழகத்துக்கு அறிவிக்கும்படி ஒரு வேண்டுகோளும் பொறிக்கப்பட்டிருக்கும். பின் பறக்க விடுவர். பல்லாயிரங் கல் தொலைவிலே யாரோ ஒருவர் அப்பறவையைக் கண்டு அவ்வெண்ணை எழுதியனுப்புவாராயின், ஒரு சிறு உயிர் கடந்த வழி நமக்குப் புலனாகும். எழுதியனுப்புவார் இல்லையேல், வளையம் வெறும் தகடே. இங்கே அறிவு என்பது ஒருவர் அறிவன்று. அக்கரையில் அணிவிப்பவனும் இக்கரையில் வாசிப்பவனும் கூடினாலன்றி அது பிறவாது. புலவர் நாரையிடம் தந்த தூதும், கழகத்தார் பறவையின் காலிலே கட்டிய தூதும் ஓரினத்தனவே. இரண்டுக்கும் மறுமுனையிலே கேட்பவர் ஒருவர் வேண்டும். அக்கரையார் அணிவித்தனர், இக்கரையில் யாம் வாசித்தோமா?

ஈண்டு ஒரு தடை எழுதல் இயல்பு. “ஐயா, வீடிழந்தோம், நிலமிழந்தோம், பிள்ளைகளை இழந்தோம். மனிதரையே எண்ணி முடியாத மண்ணிலே பறவைகளை எண்ணச் சொல்கின்றீரே” என்று கேட்பார் உளர். இத்தடையை யான் எளிதாகக் கொள்ளேன். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்தினின்று செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்த சனத்திரளுள் பதினான்கு வயதுச் சிறுவனாக யானும் ஒருவன். மழையும் இருளும் அழுகுரலும் கலந்த அவ்விரவை யான் மறந்தேனல்லன். ஆனால் அதன் பின்னர் வந்த மாதங்களையும் மறந்தேனல்லன்.

பிறர் வளவிலே கொட்டிலிட்டு வாழ்ந்த அந்நாட்களிலே எம்மைக் காத்தவர் பலர். அவருள் முதல்வர் என் பேர்த்தியார். கையொப்பம் இடுதற்கு மேல் எழுத்தறியாதவர். ஆனால் வேலியோரத்திலே நின்ற முசுட்டை, தூதுவளை, முல்லை, குறிஞ்சா, மொசுமொசுக்கை, வல்லாரை ஆகிய அனைத்தையும் பெயர் சொல்லி அறிவார். இது வறை வறுக்க, இது சளிக்கு, இது கஞ்சிக்கு, இது தொடத்தகாதது என்று பிரித்தறிவார். மருந்துக்கும் மரக்கறிக்கும் தட்டுப்பாடு நிலவிய அக்காலத்திலே அவ்வறிவே எமக்குப் பண்டசாலையாயிற்று. பட்டம் பெற்ற எந்தையார் அவர் பின்னே பை ஏந்தி நடந்தார். மனிதர் துன்புறுங்காலத்திலே செடியின் பெயர் எதற்கு என்று கேட்போர்க்கு என் விடை இதுவே: துன்புற்ற காலத்திலேதான் அப்பெயர்கள் எமக்குச் சோறிட்டன.

போர் மரங்களையும் விட்டுவைக்கவில்லை. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாகத் தறிக்கப்பட்ட பனைகளைக் கணக்கிடல் அரிது. ஆயின் போர் செய்யாததைச் சமாதான காலத்திலே யாமே செய்து வருகின்றோம். யாழ்ப்பாணத்து வேலி உலகில் வேறெங்கும் எளிதிற் காணாத ஒரு கல்விச்சாலை. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியால்களாய் நிற்க, இடையிலே ஆடாதோடையும் பாவட்டையும் படர்கொடிகளும் செறிய, அதனுள் புலுனிகள் கூட்டமாய்க் கீச்சிட, செண்பகம் ஒன்று தாழ்ந்து நடக்கும். எல்லையைக் காத்தது வேலி; ஆட்டுக்குக் குழை தந்தது வேலி; வயலுக்குப் பசளை தந்தது வேலி; கலியாணத்துக்குக் கன்னிக்காலாய் முருக்கந்தடி தந்ததும் வேலியே. 2003ஆம் ஆண்டின் பின்னர் ஆசிய நாடுகளெங்கும் பரவிய நுண்ணிய குளவியொன்று முருக்கின் இலைகளை முடிச்சு விழச்செய்து அம்மரத்தை நலிவித்தது. எஞ்சிய வேலிகளை வெளிநாட்டுப் பணத்தின் வலிமையால் எழுந்த மதில்கள் அகற்றிவிட்டன. மதிலைக் குறை கூறேன். அச்சத்தோடு வாழ்ந்தவர்கள் மதில் எழுப்புவது இயல்பே. ஆனால் மதிலுக்குப் பெயர் ஒன்றே. வேலிக்கோ ஐம்பது பெயர்.

இங்கேதான் தமிழாசிரியனின் வழக்குத் தொடங்குகின்றது. சொல் அகராதியிலே வாழ்வதில்லை, பொருளோடு வாழ்கின்றது. பொருள் கண்ணினின்று மறைந்தால் ஒரு தலைமுறையிற் சொல் நாவினின்று மறையும். குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கினார் என்று நாம் மேடைதோறும் பெருமை பேசுகின்றோம். கடந்த ஆண்டு உயர்தர வகுப்பிலே யான் சிறு சோதனையொன்று செய்தேன். கல்லூரி வளவிலுள்ள மரங்களை எழுதுமாறு சொன்னேன். வேம்பு, மா, தென்னை, பனை என்ற நான்கோடு பலர் நின்றனர். கபிலரின் 99 எங்கே, நம் நான்கு எங்கே? திணையென்றும் கருப்பொருளென்றும் மாணவர்க்கு யாம் வரைவிலக்கணம் சொல்கின்றோம். புள், விலங்கு, மரம், பூ என அட்டவணை எழுதுவிக்கின்றோம். நெய்தல் நிலத்தின் பறவை கடற்காகம் என்று எழுதிப் புள்ளி பெறும் பிள்ளை, காரைநகர்ப் பாதையிலே கடற்காகத்தைக் கண்டால் அறியாது. இது மாணவர் குற்றமன்று. தொண்டைமானாற்றிலே பிழைத்தவன் மாணவன் அல்லன், ஆசிரியன்.

நம்மவர்க்கு நோக்கும் கண் என்றும் இருந்ததில்லையோ என்றால், இருந்தது. பருத்தித்துறையார் பெருமைப்படுதற்குரிய ஒரு செய்தியைச் சொல்வேன். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே எட்கார் இலேயார்டு என்னும் ஆங்கிலேயர் இலங்கையில் அரசுப் பணி புரிந்து, பருத்தித்துறையிலும் சில காலம் இருந்தார். பறவைகளைத் தேடித் தொகுப்பதில் மிகுந்த விருப்புடையவர். பின்னாளிலே தென்னாபிரிக்காவிற் கேப் நகரத்து அரும்பொருட்சாலையின் முதற் காப்பாளராய் விளங்கியவர். அவரிடத்தே முத்து என்னும் பணியாளன் இருந்தான். பொறுமையும் கூர்த்த பார்வையும் உடைய அவன், பருத்தித்துறையிலே ஒருநாட் காலை சிறு பறவையொன்றைக் கொணர்ந்து எசமானிடம் காட்டினான். அஃது அறிவியலார் அதுவரை பெயரிடாத ஈப்பிடிப்பான். இலேயார்டு 1854ஆம் ஆண்டிலே அதற்குத் தம் பெயரைச் சூட்டவில்லை. முத்துவின் பெயரையே சூட்டினார். இன்றும் பழுப்பு மார்பு ஈப்பிடிப்பானின் அறிவியற் பெயர் ‘மசிக்காப்பா முத்துயி’ என்பதே. சீனத்தின் பறவையறிஞரும் செருமனியின் பறவையறிஞரும் நம்மூர் முத்துவின் பெயரைச் சொல்லியே அப்பறவையைக் குறிக்கின்றனர்.

டானியல் மறைந்த 2011ஆம் ஆண்டிலே மேற்குத் தொடர்ச்சி மலையின் தவளையினம் ஒன்றுக்கும் அவர் பெயர் சூட்டப்பெற்றது. ஒருவர் பெருநிறுவனத்தின் தலைவர்; மற்றவன் பணியாளன். அறிவுலகம் இருவரையும் ஒரே வகையாற் சிறப்பித்தது. கற்சிலையிலே பறவை எச்சமிடும். இவர்கள் பெயரோ பறவையோடு பறக்கின்றது, தவளையோடு மழைக்காலந்தோறும் ஒலிக்கின்றது. ஆயினும் வேறுபாடு ஒன்று உண்டு. டானியலின் பின் ஒரு கழகமும் ஓர் ஏடும் மாணாக்கர் நிரையும் நின்றன. முத்துவின் பின் யாரும் நின்றிலர். அவன் கண்ணிலிருந்த கல்வி அவனோடு முடிந்தது. தனி மனிதனின் கண் கூர்மையாயிருந்தாற் போதாது. அதனை அடுத்த கண்ணுக்குக் கையளிக்க ஒரு நிலையம் வேண்டும் என்பதே இவ்விருவர் வாழ்க்கையும் சேர்ந்து புகட்டும் பாடம்.

நிலையம் நமக்கு இல்லையா? பெயரளவில் ஒன்றன்று, பெருமை வாய்ந்த ஒன்று உண்டு. தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் என்னும் பெயரைச் சற்றே நிறுத்திப் படித்துப் பாருங்கள். வெளிக்களம்: வகுப்பறைச் சுவர்க்கு வெளியே விரிந்த களம். நீரேரியும் கண்டலும் மணற்றிடரும் பாடநூலாகட்டும் என்ற எண்ணம் அப்பெயரிலேயே உறைகின்றது. போர்க்காலத்து இடர்களிடையேயும் முன்னோடிப் பரீட்சைகளை நடத்தி வடபுலத்து மாணவரின் கல்வி அறாது காத்தமைக்கு அந்நிலையத்துக்கு யாம் என்றும் கடப்பாடுடையோம். ஆனால் இன்று மாணவன் ஒருவனிடம் ‘வெளிக்களம்’ என்று சொன்னால் அவன் மனத்தில் எழுவது வினாத்தாள், நீரேரியன்று. பரீட்சையையே கல்வியெனக் கொண்ட பெற்றோரும் ஆசிரியருமாகிய யாமே இதற்குப் பொறுப்பாவோம். நாம் எதைக் கேட்டோமோ அதுவே நமக்குத் தரப்பட்டது.

காலமும் காத்திராது. சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டிலேயே சரணாலயமாக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டில் தேசிய வனமாயிற்று. அதன் பெயரை அறியும் நம் பிள்ளைகளிலே, மாரியில் அங்கு வந்திறங்கும் ஊசிவால் வாத்தையும் பூநாரையையும் கண்டோர் எத்தனை பேர்? மன்னாரிலே 30 காற்றாலைகள் எழுந்துள்ளன. மின்சாரம் வேண்டும், புகையற்ற மின்சாரம் மிகவும் வேண்டும். ஆனால் பறவைகள் எவ்வழியே வருகின்றன, எவ்வுயரத்திற் பறக்கின்றன என்னும் வினா எழுந்தபோது விடை சொல்ல நம் பாடசாலைகளினின்று எத்தனை பேர் எழுந்தனர்? மன்னாரிலே கருவி பொருத்தப்பெற்ற கடற்காகம் வடதுருவத்தை அடுத்த உருசிய நிலம்வரை சென்றது என அண்மையில் அறிந்தோம். நம் மண்ணின் செய்தியை நாமே கண்டு உலகுக்குச் சொல்லும் காலம் எப்போது?

விழாக்காலமாதலின் செயலுக்குரிய சிலவற்றைச் சொல்லி அமைவேன். பழைய மாணவர் சங்கங்கள் விழாவின்போது வளைவுகளும் வாயில்களும் கட்டுதல் வழக்கம். எந்தச் சங்கத்தையும் சுட்டிச் சொல்கின்றேனல்லன். ஒரு வளைவின் செலவில் ஒரு சிறு பங்கு போதும். இருபது தொலைநோக்கிகளும், தமிழிலும் ஆங்கிலத்திலும் அமைந்த பறவை, மர நூல்கள் சிலவும் வாங்கிவிடலாம். அவை அலுமாரியிற் பூட்டி வைத்தற்கல்ல, தேய்ந்து உடைவதற்கே.

இரண்டாவதாக, கல்லூரி வளவிலுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் தமிழ்ப் பெயரும் அறிவியற் பெயரும் எழுதிய பலகை வேண்டும். அதனை எழுதுபவன் ஓவியக் கலைஞனாகாது, அம்மரத்தை இனங்கண்ட மாணவனாயிருத்தல் வேண்டும்.

மூன்றாவதாக, நாட்குறிப்பு ஒன்று. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்ன பறவை கண்டோம், இத்தனை கண்டோம் என எழுதும் தடித்த கொப்பி. ஆண்டுதோறும் ஒரு வகுப்பு மறு வகுப்புக்கு அதனைக் கையளித்தல் வேண்டும். பத்தாண்டுகளின் பின் அக்கொப்பி ஓர் ஆவணமாகும். ஐம்பதாண்டுகளின் பின் அஃது ஒரு செல்வமாகும். டானியலின் கழகம் தொடக்கத்திலே இத்தகைய குறிப்புக்களை ஒருவர்க்கொருவர் காட்டி மகிழ்ந்த சிலரின் கூட்டமே.

நான்காவது, தமிழாசிரியரும் உயிரியல் ஆசிரியரும் மாரிக்காலத்துச் சனிக்கிழமையொன்றிலேனும் ஒருசேர மாணவரை நீரேரிக்கு அழைத்துச் செல்லுதல். இருவருள் ஒருவர்க்குப் பாட்டுத் தெரியும். ஒருவர்க்குப் பறவை தெரியும். தனித்துச் சென்றால் யான் செய்த பிழையே நேரும்.

இவற்றை எல்லாம் செய்தால் பரீட்சைப் புள்ளி கூடுமா என்று கேட்பின், உறுதி கூறேன். ஆனால் வகுப்பறை யன்னலிலே வந்த கண்கொத்திப் பாம்பை, அது மனிதரைக் கொல்லும் நஞ்சுடையதன்று என அறியாமல், தடி கொண்டு அடித்துக் கொன்று மாணவர் ஆரவாரித்ததையும், அருகில் நின்ற யான் அறியாமையாற் கைகட்டி நின்றதையும் நினைக்குந்தோறும், ஒரு பெயரும் ஒரு செய்தியும் ஓர் உயிரைக் காக்கும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

டானியலை யான் நேரிற் கண்டதில்லை. அவர் குரலைக் கேட்டதில்லை. யான் அவர் நூலைத் திறந்தபோது அவர் மறைந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் ஏகலைவன் போன்று தூரத்திருந்து கற்றோர்க்கும் குருவணக்கம் உரியதே. அதனைச் செலுத்தும் வழி மாலையிடுதல் அன்று என்று தெளிந்தபின், என் கேள்விக்குரிய மாணவனைத் தேடினேன். அவன் அப்போது உயர்தரத்தில் உயிரியல் கற்றுக்கொண்டிருந்தான். “தம்பி, அண்டைக்கு நீ சொன்னதுதான் சரி. நான்தான் பிழை” என்றேன். அவன் சற்று நாணிச் சிரித்தான். “தெரியும் சேர். அடுத்த கிழமையே புத்தகத்திலை பாத்திட்டன்” என்றான்.

அச்சிறுவன் என்னைக் காத்திருக்கவில்லை. நம் பிள்ளைகளின் கண் கூர்மையாகவே உள்ளது. முத்துவின் கண் இன்னும் இம்மண்ணில் மூடவில்லை. அவர்கள் கேட்கும்போது பெட்டியைத் திறந்து காட்ட ஒருவர் அங்கிருத்தலே குறை. அக்குறையை நம் கல்லூரி இவ்விழா ஆண்டிலே நீக்குமாயின், அதுவே அக்கரையாசானுக்கு இக்கரை செய்யும் நினைவாகும். இவ்வாண்டு மாரியிலும் பறவைகள் வரும். வருகின்றவற்றைப் பெயர் சொல்லி வரவேற்க நம் மாணவர் கரையில் நிற்பாராக.